இருபது டிகிரியில் நகராத புள்ளிகள்

பிரிஸ்கில்லாவுக்குப் பொறாமை புதிதல்ல. ஞாயிறு பள்ளியின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் அவளுக்கு ஆட்டு வேஷம்தான். தேவதூதன் வேஷம் பாடகர் குழுத் தலைவரின் மகளுக்கே போகும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாலு காலில் நின்றபடி அந்தப் பெண்ணின் காகிதச் சிறகுகளைப் பார்த்து அவள் வயிறெரிந்திருக்கிறாள். ஆனால் வேலை செய்யும் இடத்துக்குக் கெசியா என்றொருத்தி வந்த பிறகு எரிந்ததைப் பார்த்தால் அதெல்லாம் விளையாட்டு.

அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை மேஸ்திரி. வீட்டுக்குள் வரும்போதே அந்த வாடையும் கூட வரும். அவர் தன்னுடைய வேலையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொல்வார்: "செத்த தோலு அழுகாம நிக்கணும், அவ்ளோதான்." விலங்கியல் படித்துவிட்டு, தொண்ணூற்றேழில் வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த பிரிஸ்கில்லா செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். உயிரோடு இருக்கும் செல்லை, அதாவது உயிரணுவை, ஃபார்மலின் மருந்தில் போடுவாள். அது இருந்தது இருந்தபடி அப்படியே நின்றுவிடும். பிறகு சாயம் ஏற்றி, கண்ணாடி ஸ்லைடில் வைத்து, தூது ஆர்.என்.ஏ. எங்கெங்கே நிற்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பாள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும்.

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் ஜெபசீலன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ஒரே உதாரணத்தைத்தான் சொல்வார். "ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்காரன் இன்னா பண்றான்? எல்லாத்தையும் ஒரே கட்டடத்துல தைக்கிறானா? எப்படித் தைக்கணும்னு ஒரு சீட்டு எழுதி வெட்டின தோலோட அனுப்புறான். எந்த வீட்டுல தைக்கணுமோ அந்த வீட்டுக்குப் போவுது. செல்லும் அப்படித்தான். நடுவுல புரதத்தைச் செஞ்சு ஓரத்துக்குத் தூக்கிட்டு ஓடாது. சீட்டை ஓரத்துக்கு அனுப்பி அங்கேயே செஞ்சுக்கும். அந்தச் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ." செல் எந்தப் பக்கமாக ஊர்ந்து போகிறதோ அந்தப் பக்க ஓரத்தில் சீட்டுகள் கும்பலாகச் சேர்ந்திருப்பதை பிரிஸ்கில்லாவின் ஸ்லைடுகள் அழகாகக் காட்டின. "பிரிஸ்கில்லா கை பட்டா ஸ்லைடு பேசும்" என்று சார் வெளியூர்க்காரர்களிடம் சொல்வார். பத்து வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் சம்பளம் கம்மி, பேர் கம்மி என்பதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

பிறகு கெசியா வந்தாள். இருபத்தாறு வயது, பி.எச்.டி. மாணவி. போதாக்குறைக்கு காட்பாடியில் பிரிஸ்கில்லா போகும் அதே சபை, அதே வரிசை பெஞ்ச். வந்த முதல் வாரத்திலேயே ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குக்கா. ஆனா எல்லாம் செத்துப்போய் நிக்குதே. எப்படிப் போய்ச் சேருதுன்னு தெரியலையே?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் பிரிஸ்கில்லாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கெசியாவின் வேலை உயிருள்ள செல்லில். ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த ஒளிரும் புரதம் ஒன்று உண்டு. அதைத் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டால், செல் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு சீட்டும் பச்சையாக மினுங்கும். அது போகிற பாதையைப் படமாகவே பிடிக்கலாம். இதைக் கேட்டு சார் முகத்தில் வந்த வெளிச்சத்தை பிரிஸ்கில்லா பார்த்தாள். பத்து வருஷத்தில் தன்னுடைய எந்த ஸ்லைடுக்கும் அந்த வெளிச்சம் வந்ததில்லை என்று அவளுக்குப் பட்டது. 

பச்சையாக மினுங்கியதென்னவோ வாஸ்தவம். ஆனால் நகரவில்லை. மாதக்கணக்கில் கெசியா படம் பிடித்தாள். புள்ளிகள் இருந்த இடத்திலேயே லேசாக நடுங்கின, அவ்வளவுதான். காரணம் எல்லோருக்கும் தெரியும். செல்லுக்கு மனித உடம்பின் சூடு வேண்டும், முப்பத்தேழு டிகிரி. செல்கள் இருக்கும் தட்டைச் சூடாக வைக்கும் கருவி விலை ஜாஸ்தி, கேட்டு எழுதியும் வந்தபாடில்லை. நுண்ணோக்கி அறையிலோ இருபது டிகிரி ஏசி. நுண்ணோக்கிக் கம்பெனி இன்ஜினியர் அறை இருபதிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பல வருஷம் காத்திருந்து வாங்கிய மிஷின் என்பதால் சாருக்கும் அது வேதவாக்கு. அந்த அறைக்குப் பொறுப்பு பிரிஸ்கில்லா. ஏசி ரிமோட் அவள் கைப்பையில்தான் இருக்கும்.

"அக்கா, ஒரு மணி நேரம் மட்டும் ஏசிய ஆஃப் பண்ணிக்கவா?" என்று கெசியா ஒருநாள் கெஞ்சினாள்.

"மிஷின் கெட்டா யாரு பதில் சொல்றது? நீயா?"

"சார் கிட்ட கேக்கலாமே?"

"கேளேன்."

கேட்டாள். சார் முடியாது என்றார். ஒரு மணி நேரத்தில் மிஷினுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று பிரிஸ்கில்லாவுக்குத் தெரியும். அதைச் சாரிடம் சொல்லக்கூடியவளும் அவள் ஒருத்திதான். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அந்த இரண்டாயிரத்தெட்டுக் கோடையில் விஷயம் முற்றியது. ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேட்டது. சார் இருவரையும் உட்காரவைத்துப் பளிச்சென்று சொல்லிவிட்டார்: மே மாதம் முடிவதற்குள் புள்ளி நகர்வதைக் கெசியா படம் பிடித்துக் காட்டினால் கெசியா, இல்லையென்றால் பிரிஸ்கில்லா. வீட்டுக்குப் போனதும் பிரிஸ்கில்லா தன் கணவன் நத்தானியேலிடம் சொன்னாள். அவன் ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்ப்பவன், ஜெர்மனி என்றதும் ஸ்வெட்டர் எங்கே வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஆயர் ஜெபக்குறிப்புகளை வாசித்தார். காய்ச்சலில் கிடப்பவர், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் என்று வரிசையாக வந்து, "சகோதரி கெசியாவின் ஆராய்ச்சி வாய்க்கும்படியாக" என்றார். சபை முழுக்க ஆமென் என்றது. பக்கத்திலேயே கெசியாவின் அம்மா இருந்ததால் பிரிஸ்கில்லாவும் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. உள்ளுக்குள் அவள் கேட்டது வேறு. ஆண்டவரே, அது நகரக் கூடாது.

மே கடைசி வாரம், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம். கெசியா தட்டை வைத்துப் பார்த்தாள், அதே நடுக்கம்தான். எழுந்துவிட்டாள், கண் கலங்கியிருந்தது. "பேஜாரா இருக்குக்கா. நான் கேன்டீன் போறேன். தட்டை நீங்களே எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரிஸ்கில்லாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அதை மறைக்க ஆளும் இல்லை, தேவையும் இல்லை.

அப்போது கரண்ட் போனது. அந்த வருஷம் அது அன்றாடக் கூத்து. நுண்ணோக்கிக்கு யுபிஎஸ் உண்டு, ஏசிக்குக் கிடையாது. மிஷினை மூடிவிட்டுக் கிளம்பலாம் என்றால் முடியாது. மிஷினின் விளக்கு இப்போதுதான் போட்டது. அந்தப் பாதரச விளக்கைப் போட்டால் குறைந்தது ஒரு மணி நேரமாவது எரியவிட்டுத்தான் அணைக்க வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். கதவில் அந்த விதியை எழுதி ஒட்டியவள் அவளேதான். உட்கார்ந்தாள். ஜன்னல் இல்லாத அறை. மொட்டைமாடிக்கு நேர் கீழே. கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்து அனல் வந்தது, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பொழுது போகவில்லை. கெசியா தோற்றதை ஒருமுறை கண்ணாரப் பார்த்து வைப்போமே என்று குனிந்து பார்த்தாள்.

ஒரு புள்ளி ஓடியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஓடியது, நின்றது, கொஞ்சம் பின்னால் வந்தது, திரும்ப ஓரத்தைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. அந்தப் பக்கம் இரண்டு. செல்லின் ஓரம் மெல்ல முன்னால் நீண்டுகொண்டிருந்தது, புள்ளிகள் அங்கே போய்ச் சேர்ந்து அடங்கின. பத்து வருஷமாக அவள் ஸ்லைடில் பார்த்த அதே ஓரம், அதே கும்பல். அவை எங்கிருந்து எப்படி வந்தன என்பதை இப்போதுதான் பார்க்கிறாள். படம் பிடிக்கும் பொத்தானை அழுத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. "அடி ஆத்தி" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

எவ்வளவு நேரம் போனதோ, கரண்ட் வந்துவிட்டது. ஏசி கீச்சென்று கத்திவிட்டுத் தானாக ஓட ஆரம்பித்தது. குளிர்காற்று நேராகத் தட்டின் மேல் அடித்தது. புள்ளிகள் தயங்கின. ஒவ்வொன்றாகச் சோர்ந்து, மறுபடி அந்தப் பழைய நடுக்கத்துக்கு வந்தன.

மாடிப்படியில் கெசியாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

பிரிஸ்கில்லாவுக்கு எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஜெர்மனி அவளுக்கு. பொய் சொல்ல வேண்டாம், எதையும் கெடுக்க வேண்டாம், ஏசி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இவள் நேற்று வந்தவள். நான் பத்து வருஷம் ஃபார்மலினை மோந்தவள். எனக்கு ஏன் கூடாது?

"இன்னும் தட்டை எடுக்கலையாக்கா?" கெசியா வாசலில் நின்றாள். அழுது மூக்கு சிவந்திருந்தது.

பிரிஸ்கில்லா கைப்பையைத் திறந்தாள், ரிமோட்டை எடுத்தாள், ஏசியை அணைத்தாள். நல்ல மனசு என்று யாரும் அவளைப் புகழ வேண்டாம். அந்தப் புள்ளி ஓடுவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

"கதவைச் சாத்திட்டு உக்காரு. வேர்க்கும், பொறுத்துக்கோ."

அறை மறுபடியும் வெந்தது. புள்ளிகள் ஓடின. கெசியா கத்திய கத்தலில் சாரே வந்துவிட்டார். வந்தவர் முதலில் கேட்டது, "ஏசிய யாரு ஆஃப் பண்ணது?" என்பதுதான். பிரிஸ்கில்லா திட்டு வாங்கினாள். பிறகு அவர் திரையைப் பார்த்தார். அந்த வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது, அது கெசியாவின் பக்கம் திரும்பியது.

அதற்கடுத்த ஞாயிறு, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் சாட்சியாகச் சொல்லக் கெசியா எழுந்தாள். "நாம எல்லாரும் ஜெபிச்சோம். கர்த்தர் கரண்டை நிறுத்தினார், என் வேலை வாய்ச்சுது. ஆகஸ்ட்ல ஜெர்மனி போறேன்." சபை அல்லேலூயா என்றது, கெசியாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரிஸ்கில்லா பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கர்த்தர் கரண்டைத்தான் நிறுத்தினார். கரண்ட் வந்த பிறகு ஏசியை நிறுத்தினது யாரு?

வெளியே வந்ததும் நத்தானியேல் மெதுவாகக் கேட்டான். "வருத்தமா இருக்கா?"

"இன்னா வருத்தம்? வயித்தெரிச்சல். போவட்டும். ஜெர்மனியில நம்ம வேலூர் மே மாசம் கெடைக்குமா அவளுக்கு?"

"அங்க அந்தத் தட்டைச் சூடு பண்ற மிஷினே வெச்சிருப்பாங்களே?"

"நீங்க கொஞ்சம் சும்மா வர்றீங்களா?" என்றாள் பிரிஸ்கில்லா.

திங்கட்கிழமை காலையில் சார் வருவதற்கு முன்பே அவள் நுண்ணோக்கி அறைக்குப் போனாள். கெசியாவிடம் கேட்டு வாங்கிய செல்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஃபார்மலின் புட்டியைத் தொடவில்லை. கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, ஏசியை அணைத்துவிட்டு, வேர்ப்பதற்குத் தயாராக உட்கார்ந்தாள்.