வஸ்ஃபிய்யாவின் கறுப்புப் பட்டு

அம்மான் நகரில், வஹ்தாத் பாலஸ்தீன அகதி முகாமில் கல்யாணமான பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருடைய மருதாணி இரவு அங்கி வஸ்ஃபிய்யாவின் கைவேலையாகத்தான் இருக்கும். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று ஒன்று தைக்க வாய்க்கவில்லை. தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டாள், தம்பியை ஆளாக்கினாள், நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. அப்போதுதான் ரொட்டிக்கடை முன்திர், மனைவியை இழந்தவர், ஆள் விட்டுப் பெண் கேட்டார். அவளும் ஒரு நாள்கூட யோசிக்காமல் சரி என்றுவிட்டாள்!

தம்பி மனைவி கிதாமுக்குத்தான் கலக்கம். மனசு கெட்டவள் அல்ல. ஊர் வாய்க்குப் பயந்தவள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த வயசுல ஆட்டம் பாட்டமெல்லாம் எதுக்கு? ஒரு வெள்ளிக்கிழமை ஷேக்கைக் கூப்பிட்டு, வீட்டுக்குள்ளயே நிக்காஹ்வை முடிச்சுடலாம். என்னோட நீலக் கவுன் இருக்கு, அதைப் போட்டுக்குங்க. நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆயிடக் கூடாது."

"சரிம்மா," என்றாள் வஸ்ஃபிய்யா. சரியாவது, மண்ணாங்கட்டியாவது! மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்க் கறுப்புப் பட்டு வாங்கி வந்தாள். கேட்டவர்களிடம், குவைத்தில் இருக்கும் கலீல் ஊர்க்காரக் குடும்பம் ஒன்றின் ஆர்டர் என்று கூசாமல் புளுகினாள்.

பட்டில் குறுக்குத் தையல் லேசுப்பட்ட காரியமில்லை. இழையே கண்ணுக்குத் தெரியாது, எண்ணிப் போடுவது எங்கே? அதனால் பட்டின் மேல் கஞ்சி போட்ட சல்லாத் துணியை வைத்து நூலோட்டி, அதன் கண்களை எண்ணித் தைக்க வேண்டும். ஊசி கண்ணுக்குள் இறங்க வேண்டும். சல்லா இழையைக் குத்தினால் போச்சு. தைத்து முடித்தபின் சல்லாவை இடுக்கியால் ஒவ்வோர் இழையாக உருவி எடுத்தால், தையல் மட்டும் பட்டின் மேல் நிற்கும். ஈரம் தொட்டால் கஞ்சி இளகிச் சுலபமாக வரும்தான், ஆனால் பட்டில் திட்டுத் திட்டாகக் கறை விழும். உலர்ந்தபடியேதான் உருவ வேண்டும்.

நிக்காஹ்வுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. புதன்கிழமை மதியம் வரை நெஞ்சுப் பகுதி மட்டும்தான் உருவியாகியிருந்தது. கைகள் இரண்டும் பாக்கி, கீழ்ப்பகுதி முழுக்க பாக்கி. ஒருத்தியால் ஆகாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டால் அங்கியின் அளவைப் பார்த்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும். கூப்பிடாவிட்டால் நீலக் கவுன்தான். இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா கிதாம் காபியோடு உள்ளே வர வேண்டும்! பட்டைப் பார்த்தவள் குனிந்து இன்னும் நன்றாகப் பார்த்தாள்.

"கலீல்காரங்கன்னுதானே சொன்னீங்க? நெஞ்சுல ஆரஞ்சுப் பூ போட்டிருக்கீங்க. இது யாஃபா பக்கத்துப் பூ. நம்ம ஊர்ப் பூவைக் கலீல்காரி எதுக்குப் போட்டுக்கப் போறா?"

வஸ்ஃபிய்யா மாட்டிக்கொண்டாள். வாய் புளுகியதே தவிர, கைக்குப் புளுகத் தெரியவில்லை. யார் ஊர்ப் பூ யாருக்கு என்று முப்பது வருஷத்தில் ஒரு முறைகூடத் தப்பாத கை, அதன் பாட்டுக்குத் தன் ஊர்ப் பூவைப் போட்டுவிட்டிருந்தது.

"அக்கா, யாருக்கு இது?"

"எனக்கு." வஸ்ஃபிய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத்தான் கிதாம். உன் கவுன் வேண்டாம். நான் என்ன திருட்டா பண்றேன், ஒளிஞ்சு கட்டிக்க? சிரிக்கிறவ சிரிச்சுட்டுப் போகட்டும்."

கிதாம் காபியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பட்டை மடியில் எடுத்துத் தடவினாள்.

"என் கல்யாணத்துக்கு ராத்திரி பகலா உட்கார்ந்து தைச்சுக் கொடுத்தீங்க," என்றாள். "உங்களுக்கு நான் பழைய கவுனைத் தூக்கிக் கொடுத்தேன் பாருங்க. என் வாயில மண்ணைப் போட!"

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். "ஏய் மைசூன், புருவம் பிடுங்குற இடுக்கியை எடுத்துக்கிட்டு ஓடி வா. உன் நாத்தனாரையும் கூட்டிட்டு வா. கேள்வியெல்லாம் அப்புறம் கேளு, கல்யாண வேலை!"

சாயங்காலத்துக்குள் ஏழு பேர் அந்தப் பட்டைச் சுற்றி உட்கார்ந்து இழை உருவினார்கள். கேலிக்குக் கேட்கவா வேண்டும்!

"மாப்பிள்ளை காலங்காத்தால அடுப்புக்குப் போயிடுவாரே, உனக்குக் குளிருமேடி!" என்றாள் ஒருத்தி.

"குளிராது. அவருக்குக் கையெல்லாம் சூடு!" என்றாள் இன்னொருத்தி.

வஸ்ஃபிய்யா முகம் சிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை, அழைக்காத பெண்களெல்லாம் வந்து நின்றதில் வீட்டில் கால் வைக்க இடமில்லை. உள்ளறையிலிருந்து வஸ்ஃபிய்யா கறுப்புப் பட்டு அங்கியில் வெளியே வந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். முதல் குலவையைப் போட்டவள் கிதாம்தான். தொண்டை கட்டிப்போகும் அளவுக்குப் போட்டாள்.