எட்டாம் நாளும் மூன்றாம் தண்ணீரும்

கொழும்பிலிருந்து கடல் தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போக அந்த வருஷம் என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. நான் விசாரித்த ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு மாதிரித் தெரிந்திருந்ததுதான் கஷ்டம்.

யுத்தம் முடிந்துவிட்டது, வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. நான் ஒருகொடவத்தையில் ஒரு கிட்டங்கியில் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்க்கிற வேலையில் இருந்தேன். குடியிருப்பு கொட்டாஞ்சேனையில், சந்துக்குள் ஓர் அறையும் அடுப்படியும். நானும் என் வீட்டுக்காரியும் மட்டும்தான். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. வைகாசியில் அவளுடைய ஒரே தம்பிக்குக் கல்யாணம் என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் அவன் கூடப்பிறந்தவள் போடவேண்டும். அந்தத் தம்பிக்கு இவளைத் தவிர வேறு அக்கா தங்கை கிடையாது. தாயாரும் இல்லை. கடிதத்தில் கடைசி வரி, "அக்கா வராமல் தாலி ஏறாது" என்று இருந்தது. அவள் அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து மட்டக்குளிப் பக்கம் பெரியம்மை கண்டது. கோட்டை ஸ்டேஷனுக்கு டிக்கெட் விசாரிக்கப் போனால், ஜன்னலுக்குள் இருந்தவர், "அம்மை குத்தின துண்டு இருக்கா? அது கையில இருந்தாத்தான் கப்பல்" என்றார். அந்தத் துண்டுச் சீட்டு இருந்தால் போதுமா என்று துறைமுகத்தில் ஒருவரைக் கேட்டேன். "போதாது, குத்தி எட்டு நாள் ஆகியிருக்கணும்" என்றார். கிட்டங்கி முதலாளி, "சின்ன வயசுத் தழும்பு இருந்தாப் போதும், துண்டெல்லாம் புதுசா வாறவனுக்கு" என்று அடித்துச் சொன்னார். அவர் கப்பலேறிப் பத்து வருஷம் இருக்கும்.

எங்கள் சந்தில் மாடிவீட்டில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் இருந்தார். இங்கிலீஷ் பத்திரிகை வாங்குகிறவர். அவரிடம் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எனக்குப் பாடம் எடுக்கிறவர் போல ஆரம்பித்தார்.

"இதிலை வடிவாப் போட்டிருக்கு. குத்தின அண்டைக்கு ஒரு கையெழுத்து. எட்டாம் நாள் போய்க் கையைக் காட்டவேணும். அம்மைப்பால் பிடிச்சுக் கொப்புளம் எழும்பியிருக்கோ எண்டு பாத்துப்போட்டு இரண்டாவது கையெழுத்து. அது இல்லாட்டி அந்தத் துண்டு வெறும் கடுதாசி."

"எனக்குச் சின்னப்பிள்ளையிலயே குத்தியாச்சு ஐயா. தழும்பு இருக்கு."

"உமக்கும் அதேதான். நீர் குறுக்கை கதையாதையும், நான் வாசிக்கிறன்."

"எட்டாம் நாள்ங்கிறது குத்தின நாளைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

அவர் மேலும் கீழும் பார்த்தார். பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார். "அது போடேல்லை" என்றார்.

என் வீட்டுக்காரிக்கு உடம்பில் தழும்பே கிடையாது. அவளுடைய தாயார், பிள்ளைகளை மாரியம்மன் காலில் ஒப்படைத்துவிட்டு, ஊசிக்காரர் ஊருக்கு வந்தால் நெல்குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தவர். இவளும் முதலில் மாட்டேன் என்றாள். தம்பிக்காகத்தான் இறங்கி வந்தாள். கோயிலுக்குப் போய் அம்மனிடம் சொல்லிவிட்டு வந்து, "கேட்டாச்சு. கோபிக்க மாட்டா" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் போய்க் குத்திக்கொண்டோம். குத்தினவர் வயதான சிங்களவர். "அடுத்த திங்கள் ரெண்டு பேரும் வந்து அத பென்னன்ன" என்று, கையைக் காட்ட வேண்டும் என்பதைத் தன் கையைச் சட்டைக்கு மேல் தட்டிக் காட்டினார். நான் கணக்காகத் திட்டம் போட்டேன். திங்கள் கை காட்டுவது. செவ்வாய் சாயந்தரம் ரயில். புதன் கப்பல். வியாழன் ஊர். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். நடுவில் நிம்மதியாக இரண்டு நாள். கிட்டங்கியில் லீவும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துத் தொங்குகிறது.

உள்ளே அவள் பாயில் இருந்தாள். கை வீங்கி, ஊசி போட்ட இடத்தில் முத்துப் போல எழும்பி, உடம்பு அனலாகக் கொதித்தது. முகம் மட்டும் அமைதியாக இருந்தது.

"வந்துட்டா" என்றாள்.

"யாரு வந்துட்டா? அது ஊசிக் காய்ச்சல். எல்லாருக்கும் வரும்னு அந்த ஊசிக்கார மாத்தையாவே சொன்னாரே."

"ஊசில வந்தா என்ன, காத்துல வந்தா என்ன? வந்தவ அவதானே?"

 நானும் அம்மனைக் கும்பிடுகிறவன்தான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் சாப்பிடாதவன். அவள் சொன்னதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது இது: "மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்ட மாட்டேன்."

அம்மை கண்ட வீட்டு முறை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை. வெளியே தீட்டுப்பட்டவர், பயண அலுப்போடு வந்தவர், விசேஷ வீட்டுக்குப் போய் வந்தவர் யாரும் உள்ளே வரக்கூடாது. அம்மை கண்டவர் வெளியே போகக்கூடாது. ஒற்றைப்படை நாளில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். முதல் தண்ணீர் ஞாயிறு, இரண்டாவது செவ்வாய், மூன்றாவது வியாழன் என்று அவள் விரலை மடக்கினாள். கை காட்டவேண்டிய எட்டாம் நாளோ திங்கள். ரயில் செவ்வாய்.

"அப்ப கல்யாணம்?" என்று கத்தியே விட்டேன். "தம்பி கல்யாணம் வேண்டாமா?"

"வேணும். அதுக்காகத்தான் இப்படி இருக்கேன். முத்தோட போய் மணவறையில நிக்கச் சொல்லுதீங்களா?" அவள் கண் கலங்கிவிட்டது. "வியாழக்கிழமை தண்ணி ஊத்திட்டு அன்னைக்கு ரயில் ஏறினா, சனிக்கிழமை சாயந்தரம் ஊர். போதும்."

எனக்கு ஆற்றாமையாக வந்தது. சர்க்கார் எட்டாம் நாள் வெளியே வா என்கிறது. அம்மன் ஏழாம் தண்ணீ— இல்லை, மூன்றாம் தண்ணீர் வரை உள்ளே இரு என்கிறாள். எனக்கே அந்த வாரம் நாள் எண்ணிக்கை குழம்பிப்போனது. இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான், உன் நோயை அடுத்தவன் வீட்டுக்குக் கொண்டு போகாதே என்று. ஆனால் அம்மனுடைய முறை எங்கள் சந்து முழுக்கப் பத்திரிகை இல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

திங்கள் காலை நான் மட்டும் போனேன். குத்துகிறவர் தலையை ஆட்டினார். "நோனா வராம நான் எதைப் பார்க்கிறது? கடுதாசி பார்த்துக் கையெழுத்துப் போட ஏலாது." நோனா என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரியை. திரும்பி வந்து, கிளாக்கரிடம் இங்கிலீஷில் ஒரு வேண்டுகோள் எழுதி வாங்கி, மறுபடி ஓடினேன். படித்துவிட்டு, மத்தியானம் அந்தப் பக்கம் வரும்போது பார்க்கிறேன் என்றார். மூன்றாம் தடவையும் போய்க் கையோடு அழைத்து வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

வாசலில் வந்து நின்றதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "காலைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக் கழுவினார்.

"மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கச் சொல்லுங்க."

தெளித்துக்கொண்டார், சிரித்தபடி.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டார்னு கேளுங்க."

கேட்டேன். மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். "பத், மாலு" என்றார். சோறும் மீனும்.

"மீன் சாப்பிட்டவர் உள்ள வரக்கூடாது. நாளைக்குச் சாப்பிடாம வரச் சொல்லுங்க."

"நாளைக்கு ஒம்பதாம் நாள்டீ!"

அவருக்குச் சிரிப்புப் போய்விட்டது. "நான் எத்தனை வீட்டுக்குப் போறது! நான்தான் எல்லாருக்கும் சட்டம் சொல்றது. எனக்குச் சட்டம் சொன்னது இந்த நோனா மட்டும்தான்" என்று சப்பாத்தை மாட்டக் குனிந்தார். மேலே மாடியிலிருந்து கிளாக்கர் வேடிக்கை பார்த்துக்கொண்டு, "ஐசே, ஆர் இப்ப ஆருக்குத் துண்டு குடுக்கிறது?" என்று கேட்டார். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து ஏசலாம் போல இருந்தது.

 அவர் சப்பாத்தை மாட்டி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் சொன்னாள்: "வாசப்படி தாண்டக்கூடாதுன்னுதான் இருக்கு. ஜன்னலுக்கு ஒண்ணும் இல்லையே?"

சந்துப் பக்கத்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவள் கை வெளியே வந்தது. விரலுக்குள் ஒரு வேப்பிலைக் கொத்து. புடவையைத் தோள் வரை ஒதுக்கியிருந்தாள். அவர் கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தார். மழைத்துளி படாமல் நான் குடை பிடித்தேன். "ஹொந்தய், ஹொந்தய்", நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அவளுடைய துண்டைச் சுவரில் வைத்து இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். போகும்போது ஜன்னலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவளையா, அம்மனையா, தெரியாது.

வியாழன் மூன்றாம் தண்ணீர் ஊற்றி, ஈரத் தலையோடு ரயில் ஏறினோம். வெள்ளி காலை தலைமன்னார். துறையில் வரிசை. காக்கிச் சட்டை போட்ட தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடையதை நீட்டினேன், கொஞ்சம் பெருமையோடுதான். பார்த்தார், "சரி, போங்கோ" என்றார். என்னுடையதை நீட்டினேன்.

"உம்முடைய எட்டாம் நாள் கையெழுத்து எங்கை?"

அந்த இடம் வெறுமையாக இருந்தது.  ஒரே நாளில் மூன்று தடவை அந்த மனுஷனிடம் போனவன். அவருக்குப் பக்கத்தில் நின்று குடை பிடித்தவன். குடை பிடித்த கையில்தான் எனக்கும் குத்தியிருந்தது, முழுக்கைச் சட்டைக்குள். அவளுடைய கையைப் பற்றியே நினைத்து நினைத்து, எனக்கும் ஒரு கை இருப்பது ஞாபகம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். எனக்கு ஒன்றுமே எழும்பியிருக்கவில்லை. கடுகளவு சிவப்பு மூன்றாம் நாளே மறைந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டு, "இது பிடிக்கவே இல்லை. திரும்பக் குத்தவேணும். எட்டு நாள் பொறுத்து வாரும்" என்றார். எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. அங்கேயே ஒரு கொட்டகையில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள்.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க வராம நானும் போகல."

"முடிச்சுப் போடப் போறது நானா?" என்று எரிந்து விழுந்தேன். "அத்தனை பாடும் பட்டது உனக்குத்தானே? ஏறு!"

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு கப்பலேறிக்கொண்டிருந்தார். அவர் மனைவி இவள் கையைப் பிடித்து, "வாம்மா, நாங்க கொண்டுபோய் விடுதோம்" என்றார். அதுவரை தனியாகப் பயணமே போகாதவள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறினாள்.

நான் கொழும்புக்குத் திரும்பினேன். ஞாயிறு முகூர்த்த நேரத்துக்கு எங்கள் கோயிலில் அம்மன் முன்னால் நின்றேன். போய்ச் சேர்ந்தாளா, சேரவில்லையா என்று தெரியாது. என்ன வேண்டுவதென்று தெரியாமல், கோபத்தில், "உன்னைத்தானே மரியாதை பண்ணினா, நீ பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். கை வீங்கி முத்து எழும்பிவிட்டது. நானே வேப்பிலை ஒடித்து வாசலில் கட்டினேன். கிளாக்கர் வீட்டம்மா கஞ்சி வைத்துவிட்டு எட்ட நின்று கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிக்‌ஷா சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். பட்டுப்புடவை, தலையில் வாடின பூ, கையில் பலகாரப் பெட்டி. அந்தக் கடைக்காரர் குடும்பத்தோடு திரும்பியிருந்தாள். சிரித்தபடி வந்தவள் வேப்பிலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எப்ப இருந்து?"

"புதன்."

"எத்தனை தண்ணி ஆச்சு?"

"இன்னைக்குத்தான் முதல் தண்ணி."

"அம்மன் உங்களை விட்டுட்டாளேன்னு நினைச்சேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "கல்யாண வீட்டுல இருந்து பூவும் பட்டுமா வந்திருக்கேன். நான் உள்ள வரக்கூடாது."

"இது உன் வீடுடீ!"

"அதனாலதான் சொல்லுதேன். செவ்வாக்கிழமை வரைக்கும் மாடில இருந்துக்கிடுதேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காய்ச்சலில் கத்தவும் முடியவில்லை. போய்ப் பாயில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் சந்துப் பக்கத்து ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. பூ கட்டின நாரை உருவிக் கையில் வைத்திருந்தாள்.

"கோவமா?"

நான் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தேன்.

"சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசல்லயே தம்பி ஓடி வந்தான். மறுநாள் அவன் ஒரு முடிச்சுப் போட்டான். அப்புறம் நான். இந்தா பாருங்க, இப்படி ஒண்ணு. இப்படி ஒண்ணு." நாரை ஜன்னல் கம்பியில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். "இழுத்துப் பாருங்க, அவுருதான்னு."

எழுந்து போய், அவள் விரல் படாமல், நாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை.