கண்ணாடி பீரோவில் மலைக்கோட்டை

"இது கோயில் இல்லை, பொம்மை. இதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றாதீர்கள்" என்று எங்கள் தெருப் பெண்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அம்பத்தூரில் ரயில் இறங்கி, புழுதியில் நடந்து வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் யாராவது ஓர் அம்மாள் என் கண்ணாடி பீரோவுக்கு எதிரே கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கண்ணாடியில் புகைக்கரி படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் கரி பரவும். வேட்டி நுனியால் துடைத்தால் வேட்டி பாழாகும். செருப்பைக்கூடக் கழற்றாமல் நான் அங்கே நின்று துடைப்பதைப் பார்த்து, "ஐயோ, சாமி முன்னாடி செருப்போட" என்று அந்த அம்மாள் என்னையே கண்டிப்பாள்.

வெள்ளைக்காரன் ஆட்சி. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி. எனக்கு ரயில்வேயில் ஊர் ஊராகப் போய் ஸ்டேஷன்களைச் சோதித்துவரும் வேலை. தெற்கே போகிற இடங்களிலெல்லாம் அந்தந்த ஊரின் பெயர்பெற்ற கட்டடத்தைச் சின்னதாகச் செய்து விற்பார்கள். நான் வாங்கிவருவேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நெட்டியில் இருந்தது. தும்மினால் பறந்துவிடும், அவ்வளவு லேசு. மதுரைக் கோபுரம் காகிதக்கூழில் செய்தது. செஞ்சிக் கோட்டை சுட்ட மண். மாமல்லபுரத்து ரதத்தை மாக்கல்லில் செதுக்கி, மாமல்லபுரம் வரைக்கும் போகிற சிரமம் இல்லாமல் செங்கல்பட்டு ஸ்டேஷனிலேயே ஒருவன் விற்றான். எல்லாவற்றையும் பீரோவில் அடுக்கி, அடியில் ஊர்ப்பெயரை எழுதி ஒட்டினேன். படித்த மனிதன் சரித்திரச் சின்னங்களைச் சேர்க்கிறான் என்று ஊர் மெச்சும் என்பது என் நினைப்பு. ஊர் வந்து தேங்காய் உடைத்தது.

இதற்கெல்லாம் காரணம் என் மனைவி. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

அவள் பூந்தமல்லிப் பக்கத்தில் பயிரிடும் குடும்பத்துப் பெண். திருவேற்காடும் திருமுல்லைவாயிலும் தவிர வேறு கோயில் பார்த்தவள் இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெருவில் அவளை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பீரோ நிறைய ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. எந்த ஊரில் எந்தச் சாமி, எப்படிப் போக வேண்டும், என்ன செலுத்த வேண்டும் என்று பெண்கள் அவளிடம் கேட்க வந்தார்கள். "எங்க ஊட்டுக்காரரு போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு" என்று ஆரம்பித்து, அவள் பீரோவைக் காட்டிக் காட்டிச் சொல்வாள். எல்லாரும் வாய்மூடிக் கேட்பார்கள்.

அப்படிச் சொல்வதற்காக அவள் என்னைக் கேள்வி கேட்டே கொன்றாள். நான் சாய்வு நாற்காலியில் பேப்பரைப் பிரிக்கிற நேரம் பார்த்துத்தான் கேட்பாள். மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய மலைக்கோட்டையைக் கொண்டுவந்த அன்றைக்கு நடந்தது நன்றாக நினைவிருக்கிறது.

"இது இன்னாங்க, மலைமேல ஊடு கட்டிக்கீறாங்க?"

"ஊடு இல்ல, கோயில். திருச்சினாப்பள்ளி."

"புள்ளத்தாச்சிங்க வேண்டிக்குவாங்களே, தாயுமானவரு, அவரு ஊரா?"

"ஆமாம்."

"உச்சில கீதே, அதான் அவரு கோயிலா?"

"அதான், அதான்."

"படி வெளியவே கீதே. வெயில்ல கால் சுடாது?"

"சுடும். ஈரத்துணி சுத்திக்கினு ஏறணும்."

"நடுவுல எங்கனா நின்னு கும்புட..."

"நடுவுல ஒண்ணும் இல்ல. நேரா உச்சிக்குப் போக வேண்டியதுதான். போதுமா? பேப்பர் படிக்கலாமா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த மலையை ரயில் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருந்தேன். பொம்மையை ஸ்டேஷன் வாசலில் வாங்கினேன். தஞ்சாவூரும் மதுரையும் அப்படித்தான். வேலை முடிந்தால் வெயிட்டிங் ரூமில் படுத்துத் தூங்குவேன். பொம்மையில் மலையின் முன்பக்கம் வளைந்து வளைந்து வெள்ளைக் கோடாகப் படி வரைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பதில் சொன்னேன். ரயில்வே எனக்குக் கொடுத்த இலவசப் பாஸில் மனைவிக்கும் இடம் உண்டு. அவளை அழைத்துப் போயிருக்கலாம். மூட்டை, கூஜா, கட்டுச்சோறு, வழியெல்லாம் கேள்வி. நினைக்கும்போதே அலுப்பாக வரும். "அடுத்த தடவை" என்று சொல்லிவிட்டு அடுத்த பொம்மையைக் கொண்டுவருவேன்.

எதிர்வீட்டு அம்மாளின் மகளுக்கு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவது நல்லபடியாகப் பிறந்தால் தன் தோட்டத்து வாழைத்தாரைத் தாயுமானவருக்குக் கொண்டுபோய்ச் செலுத்துவதாக அந்த அம்மாள் வேண்டிக்கொண்டாள். குழந்தையும் பிறந்தது. புறப்படுவதற்கு முன்னால் யோசனை கேட்க வேறு யாரிடம் போவாள்? என் மனைவி பீரோவிலிருந்து மலையை வெளியே எடுத்து, விரலால் படியைத் தொட்டுக் காட்டி, நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். அந்த அம்மாள் தன் தம்பியை அழைத்துக்கொண்டு, கோணியில் சுற்றிய ஒரு முழுத் தாரோடு ரயிலேறினாள்.

திரும்பி வந்தவள் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே எங்கள் கூடத்துக்கு வந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள்.

"உன் பேச்ச நம்பிப் போனேன் பாரு, என்னச் சொல்லணும்!" என்று என் மனைவியைப் பார்த்துக் கத்தினாள். "படி உள்ளாரக் கீதுமா, உள்ளார! மலையக் கொடஞ்சிக் கட்டிக்கீறான். இருட்டு. குளுகுளுன்னு கீது. நா மட்டும் கால்ல ஈரத்துணியச் சுத்திகினு, வழுக்கி வழுக்கி ஏறிகினு கீறேன். ஜனமெல்லாம் சிரிக்குது!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நானும் பேப்பருக்குப் பின்னால் சிரித்தேன்.

"சிரிங்கடி. நடுவுல ஒரு கோயிலு. மாம்பெரிய கோயிலு. எல்லாரும் உள்ள பூந்துகினு கீறாங்க. எந்தம்பி, 'யக்கா, இது இன்னான்னு பாத்துட்டுப் போலாம்'னான். 'வாடா, நடுவுல ஒண்ணும் இல்லன்னு எதிரூட்டுப் பொண்ணு சொல்லிக்கீறா'ன்னு நான்தான் இழுத்துகினு போனேன். உச்சில யாரு? புள்ளாரு! தாரக் குடுத்தேன், வாங்கி வச்சிக்கினாங்க. வாழப்பழம்னா அவரு வேணாம்னா சொல்வாரு? திரும்பி வரசொல்ல ரயில்ல ஒரு பொம்பள சொல்றா, நடுவுல இருந்தவருதான் தாயுமானவராம்!" அதுவரை கோபமாக இருந்த குரல் உடைந்தது. "சாமிக் கடன் அப்டியே நிக்குது. நாள பின்ன கொழந்தைக்கு ஒண்ணுன்னா யாருடி பதில் சொல்றது?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவர்தான் சொன்னார்" என்று அவள் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று நின்றாள்.

நான் பேப்பரை மடித்தேன். எழுந்து நின்றேன். "நான் சரியாத்தான்மா சொன்னேன்" என்றேன். "அவ படிக்காதவ. எதையோ மாத்திப் புரிஞ்சிக்கினு உங்ககிட்ட சொல்லிட்டா."

"அதான பாத்தேன்" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். "படிச்சவரு தப்பாவா சொல்லுவாரு?"

அன்றைக்கு மாலையே பெண்கள் வருவது நின்றது. கற்பூரம் இல்லை, தேங்காய் இல்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இத்தனை வருஷமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. தெருக் கிணற்றடியில் என் மனைவி எதைச் சொன்னாலும், "எந்த ஊரு கத? மலக்கோட்ட கதயா?" என்று கேலி. எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒருமுறை ஜுரம் கண்டபோது அவள் தண்ணீருக்கே போகவில்லை. ஜுரம் இறங்கிற்று என்று காதில் விழுகிறவரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. என்மேல் அல்ல, அவள்மேல். ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு மௌனமா? சிதம்பரத்துப் பொற்கூரையைப் பித்தளையில் வாங்கிவந்தேன். அவள் அதைத் துடைத்து உள்ளே வைத்தாள். ஒரு கேள்வி இல்லை. பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இது எந்த ஊருன்னு கேக்க மாட்டியா?"

"அதான் பேரு எழுதி ஒட்டிக்கீறீங்களே."

"நீ எங்க படிக்கப் போற?"

"அதான் நீங்க படிச்சிக்கீறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு அந்த உலகச் சண்டை வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓட ஆரம்பித்தன. குடும்பப் பாஸை நிறுத்தப்போகிறார்கள் என்று ஆபீஸில் பேச்சு. அப்போதுதான் எனக்கு அவசரம் வந்தது. "திருச்சிக்குப் போகலாம், கிளம்பு" என்றேன்.

"எதிரூட்டுத் தோட்டத்துல மறுபடியும் தார் விட்டுக்கீது" என்றாள். "அத எடுத்துகினு நீங்க போய் நடுக்கோயில்ல குடுத்துட்டு வாங்க. அந்தம்மாகிட்ட கேட்டு வச்சிட்டேன்."

"நீயும் வாயேன்."

"நான் வந்து இன்னா பண்ணப்போறேன்? எனக்குத்தான் மாத்தி மாத்திப் புரியுமே."

எழும்பூர் ஸ்டேஷனில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு வாழைத்தாரைச் சுமந்துகொண்டு நான் நின்ற கோலத்தை யாரும் எழுதாமல் இருப்பது நல்லது. தெரிந்த டிக்கெட் கலெக்டர் ஒருவர் சலாம் வைத்து, "சார் மண்டி வச்சிட்டீங்களா?" என்றார். கோட்டில் வாழைக்கறை ஏறியது. பக்கத்தில் இருந்தவர் கேட்காமலே ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டார். அதற்கு அவரோடு சண்டை. வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

மலைக்கோட்டையில் படி உள்ளேதான் இருந்தது. கல் சில்லென்று இருந்தது. பெண்கள் இடுப்பில் குழந்தையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கோயில். தாரைக் கொடுத்துவிட்டு உச்சிக்கும் போனேன். காவேரி தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெண் புருஷனிடம், "அது இன்னா ஆறு, இது இன்னா ஊரு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவனும் சலிக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது ரயிலில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன்: "அன்னிக்குத் தப்பாச் சொன்னது நான்தான்மா." எதிர்வீட்டு வாசலில் நின்று பிரசாதத்தை நீட்டினேன். அந்த அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பொஞ்சாதி பண்ண தப்புக்கு நீ அலையறியே தம்பி. தங்கமான மனுசன்யா நீ."

"பரவால்லைம்மா" என்றேன்.

தெரு குறுகல். எங்கள் வாசலில் நின்றிருந்த என் மனைவிக்கு அது கேட்டிருக்கும். உள்ளே போனதும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"படி உள்ளாரதான் கீதா?"

"உள்ளதான்."

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல" என்றேன். சொம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது பீரோ திறந்திருந்தது. மலைக்கோட்டையில் வெள்ளைப் படியைக் காணோம். அடுப்புக்கரியைக் குழைத்து, கோடு துளிகூடத் தெரியாமல் பூசியிருந்தாள். மலையின் நடுவில், எதுவுமே செதுக்காத இடத்தில், ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

அவளை நான் எந்த ஊருக்கும் அழைத்துப் போகவில்லை. பாஸை நிறுத்தினார்கள், மறுபடி கொடுத்தபோது அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் என்னைத் தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனாள். அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை நான் அந்தத் தெருவைக் குறுக்கே கடந்து போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை.