வெள்ளை பூத்த கீற்று

சில்வெஸ்டர் ரப்பர் தோட்டத்தில், ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். அங்கே ரப்பர் ஷீட்டில் வெள்ளை பூத்தால் பூஞ்சணம் என்று அர்த்தம்; அப்படியே கழித்துப் போடுவார்கள். அதைக் கண்டுபிடிப்பதில் மாத்தளையிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தப் பெருமையோடுதான் 1994இல் யட்டவத்தவில் சாலிஹ் முதலாளியின் வாளித் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே பிளாஸ்டிக்கோடு ரப்பர் கலந்து உருக்கினார்கள். ரப்பர் பொடிப்பொடியாகப் பரவினால் வாளி அடி தாங்கும். கட்டிகட்டியாக நின்றுவிட்டால் உடையும். அதைப் பார்க்க ஒவ்வொரு கலவையிலும் மெல்லிய பட்டைபோல ஒரு கீற்று வார்த்து அவரிடம் கொடுப்பார்கள். வளைத்து, வெள்ளை பூக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார். பூத்தால் நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இருபத்திரண்டு வருட மரியாதை என்னாவது?

லேசாக வளைத்தார். வெளுத்ததையெல்லாம் கழித்தார். பளபளவென்று நின்றதை வாளிக்கு அனுப்பினார். கலக்கும் மெஷினில் நின்ற கிருஷ்ணம்மா, வெளுத்த கீற்று எவ்வளவு மடக்கினாலும் உடையவில்லையே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எனக்கே ரப்பர் படித்துக் கொடுக்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் அவள் வாயை அடைத்தார்.

மூன்றாம் வாரம் கலேவெலக் கடைகளிலிருந்து உடைந்த வாளிகள் லொறியில் திரும்பி வந்தன. முதலாளி ஓடி வந்து இரண்டு கீற்றுகளை எடுத்து முழுதாக மடக்கினார். கழித்தது வெளுத்து வளைந்தது. தேறியது பட்டென்று முறிந்தது. இங்கே வெள்ளை பூப்பதுதான் ரப்பர் நன்றாகப் பரவியதற்கு அடையாளம் என்று அந்த நொடியே சில்வெஸ்டருக்கு விளங்கிவிட்டது. இதற்கு யார் பொறுப்பு என்று முதலாளி அவரிடம் கேட்டார்.

"கலக்கினது கிருஷ்ணம்மாங்க முதலாளி."

அதில் பொய்யில்லைதான். கிருஷ்ணம்மா சொன்னது எதுவும் எடுபடவில்லை. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

எட்டு நாள் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தார். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நின்றால் முதுகு கூசியது. ஒன்பதாம் நாள் முதலாளியிடம் உள்ளதைச் சொன்னார். வேலை போனது. அது பெரிதாக வலிக்கவில்லை. கிருஷ்ணம்மாவைத் திரும்ப வரச்சொன்ன செய்தியை அவரே கொண்டுபோனார்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளையைப் பூஞ்சணம் என்று நினைத்ததையும் சொன்னார். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தார். அவள் ஏசவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, யாருக்குந் தெரியாம நானே சொல்லிக் குடுத்திருப்பேன் அண்ணே."