கேப்சூல் கூட்டைப் பற்றி நான் சொன்னது

2006ஆம் ஆண்டு, கார்த்திகை முதல் வாரம். கோம்பையில் என் தம்பி வீட்டில் நடந்தது. நான் அப்போது தேனியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாத வாய் எனக்கு. வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

தம்பிக்கு இரண்டு வருடமாக ரத்தப் புற்றுநோய். தினமும் சாப்பாட்டோடு நான்கு கேப்சூல் போட்டுக்கொண்டு, திராட்சைத் தோட்டத்து வேலையை விடாமல் பார்த்துவந்தான். அந்த மருந்து என்ன செய்கிறது என்று அவனுக்குப் புரியவைத்தவளும் நான்தான். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் இளம் செல்கள் பக்குவப்பட்டுத்தான் ரத்த அணுக்கள் ஆகின்றன. எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற உத்தரவு, செல்லுக்குள் ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குப் போகும். ஒன்றின் மேல் பாஸ்பேட் என்னும் சின்ன வேதித் துண்டை ஒட்டினால் அது விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும். இவன் உடம்பில் ஒரு புரதம் யாரும் சொல்லாமலே பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே இருந்தது.

"கெணத்து மோட்டார்ல சுவிட்ச் ஒட்டிக்கிட்டு அணையாம ஓடுதுன்னு வச்சுக்க. இந்த மருந்து பீஸ் கட்டையப் பிடுங்கி வைக்கிற மாதிரி. திரும்ப மாட்டுனா திரும்ப ஓடும்" என்றேன்.

"அப்ப ஒரு நாளும் விடக் கூடாது, அப்படித்தானக்கா?" என்று கேட்டான். அவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவன்தான்.

உடம்பு தேறியதற்கு நன்றியாக அந்த வருடம் சபரிமலைக்கு மாலை போட்டான். மாலை போட்டவரை வயது பார்க்காமல் சாமி என்றுதான் கூப்பிடுவோம். நான் போயிருந்த அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவன், கேப்சூல்களைக் கையில் எடுத்தான். விரதம் என்று வீட்டில் முட்டை ஓடுகூடக் கிடையாது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாமி, சுத்த சைவம்னு நெனச்சுக்கிட்டு இருக்கீக. அந்தக் கூடு எதுல செய்றாக தெரியுமா? மாட்டெலும்பு, தோலு எல்லாம் காய்ச்சித்தான்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவனும் சிரித்தான். நான்கையும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போடுறேன்க்கா" என்றான். நான் தேனிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

தை மாதம் மலைக்குப் போய்வந்தவனுக்குக் காய்ச்சல் விடவில்லை. கையிலும் தொடையிலும் அடிபடாமலே நீலம் பாய்ந்திருந்தது. மதுரையில் அவனை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோனோம். ரத்தம் முழுக்கப் பக்குவப்படாத செல்கள் நிரம்பிவிட்டன என்றார். மருந்து ஒழுங்காகப் போட்டாரா என்று அவர் கேட்டதற்கு நான்தான் முந்திக்கொண்டு, ஒரு நாள்கூட விட்டதில்லை என்றேன்.

தம்பி மனைவி என் கையைப் பிடித்தாள். "இல்ல மதினி. நீங்க வந்துட்டுப் போன நாள்ல இருந்து அவுக அதத் தொடவே இல்ல. எல்லாம் அப்படியே பீரோவுல இருக்கு. நல்லாத்தான இருக்கேன், மல எறங்குனதும் போட்டுக்கிறேன்னாக. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

தம்பியிடம் போய் ஏன்டா என்று கேட்டேன். கண்ணை மூடியபடியே சொன்னான். "மாலையப் போட்டுக்கிட்டு மாட்டெலும்ப எப்படிக்கா முழுங்குறது? நீ படிச்சவ. தெரியாமலா சொல்லுவ?"

இதைக் கேட்ட டாக்டர், கூடு வேண்டாமென்றால் பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்திருக்கலாமே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார்.

மறுபடி அதே மருந்தைக் கொடுத்தார்கள். வேறு மருந்துகளும் ஏற்றினார்கள். எதற்கும் நோய் அடங்கவில்லை. பங்குனியில் போய்விட்டான். மருந்தை நிறுத்தாமல் இருந்தாலும் சிலருக்கு இப்படி முற்றிவிடுவதுண்டு என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். உண்மையைச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை, என் தம்பிதான் போனான். அவன் மனைவி இந்த நாள்வரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாமியை நம்பிய அளவுக்கு அவன் என் படிப்பையும் நம்பினான். அந்த இரண்டு நம்பிக்கையும் சேர்ந்து அவனைக் கொண்டுபோய்விட்டன.