குப்பைக்கு மருந்தடித்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கி, கடைக்குக் கடை விசாரித்துக்கொண்டு நடந்தேன். யாரைத் தேடி? என் தோப்பில் பதினோரு வருஷம் வேலை செய்த நாகம்மாவை. எதற்கு? மன்னிப்புக் கேட்க.

என்ன தப்பு என்கிறீர்களா? சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அம்பத்தூரில் எனக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அதன் மூலையில் குடிசை போட்டுக்கொண்டு நாகம்மா தனியாக இருந்தாள். உதிர்ந்த சருகைப் பெருக்கிக் குவிப்பாள், தண்ணீர் தெளிப்பாள், மக்கியதும் மரத்தடியில் போடுவாள். போன ஆடியில் ஒரு நாள் குவியலைக் கிளறிப் பார்த்தேன். இலைக்கு இலை வெள்ளை நூல்... பூசணம்!

முப்பது வருஷம் காலேஜில் தாவர சாஸ்திரம் போதித்தவன் நான். பயிருக்கு நோய் தரும் பூசணங்களின் லத்தீன் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். மரங்களுக்குத் தொற்றிவிடுமே என்று பதறி, பூசணத்தைக் கொல்லும் மயில்துத்தத்தைக் கரைத்து வாளி வாளியாகக் குவியல்மேல் ஊற்றினேன்.

நாகம்மா ஓடி வந்தாள். "ஐயோ, இன்னா சாமி பண்றீங்க? அது கீறதனாலதான் எல மக்குது!"

"எனக்கே பாடம் நடத்தறியா?"

"பாடமா? கண்ணால பாத்தத சொல்றேன். நம்பிக்கை இல்லாங்காட்டி உங்க பொஸ்தகத்தாண்ட கேட்டுகினு வாங்க."

பக்கத்தில் பாத்தி வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே குடிசையைக் காலி செய்யச் சொன்னேன். சட்டி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. நான் மருந்தடித்த குவியல் அப்படியே கிடந்தது. நனைந்த தோல் மாதிரி இலைகள், நரம்புகூடக் கலையாமல். கிணற்றுக்குப் பின்னால் என் கண்ணில் படாமல் தப்பிய சின்னக் குவியலோ, அள்ளினால் காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தது.

அப்புறம்தான் புத்தகத்தைப் புரட்டினேன். நாம் தின்றுவிட்டுச் செரிக்கிறோம். பூசணம் நேர்மாறு — தன் நூல்களிலிருந்து என்சைம் என்ற பொருள்களைக் கசியவிட்டு, இலையை வெளியிலேயே செரித்துவிட்டு, பிறகு உறிஞ்சுகிறது. மரத்தை விறைப்பாக நிற்கவைக்கும் கெட்டிப் பொருளைக்கூடச் சில பூசணங்கள் இப்படிக் கரைத்துவிடுமாம். மிச்சமெல்லாம் மண்ணுக்கு, மறுபடி வேருக்கு. காட்டில் யார் போய்ப் பெருக்குகிறார்கள்? இவை மட்டும் இல்லாவிட்டால், தான் உதிர்த்த சருகிலேயே காடு புதைந்துபோயிருக்காதா?

நாகம்மா சொன்னதும் அதைத்தானே?

சரி என்று தெரிந்த பிறகும், போய்ச் சொல்ல எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

யுத்தம் வந்து ராணுவக் கிடங்கு திறந்ததிலிருந்து பட்டாபிராமில் இடத்துக்கு ஏக நெருக்கடி. பகலெல்லாம் அந்தக் கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு, நாகம்மா நாலு குடும்பத்தோடு ஒரே கொட்டகையில் ஒண்டியிருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்துக்காரி குரல் கொடுத்தாள்: "நாகம்மா, உன்னத் தேடிகினு தொர வந்துகீறாரு. நாற்காலி எடுத்துப் போடு!"

நாற்காலி ஏது? நின்றபடியே சொன்னேன். "நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னுது. மன்னிச்சுடு நாகம்மா, தோப்புக்கே வந்துடு."

அவள் கொட்டகைக்குள் ஒரு பார்வை பார்த்தாள்.

"மன்னிப்ப வெச்சிகினு நான் எங்க சாமி படுக்கறது? நாளைக்கு வேற எதுனா வெள்ளையா பாப்பீங்க, மறுபடியும் தொரத்துவீங்க. குடிச கீற எடத்த எம்பேர்ல எய்திக் குடுங்க, வர்றேன்."

நியாயம்தானே? செவ்வாய்க்கிழமை பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்து கொடுத்தேன். நேற்று காலையில் துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"இனிமே குப்பையாண்ட நீங்க வரவே கூடாது சாமி."

"வரமாட்டேன்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

காலேஜில் எத்தனையோ பேப்பர் திருத்தியிருக்கிறேன். என்னைப் போல இவ்வளவு தப்பாக எழுதிய ஒருவனுக்கும் நான் பாஸ் போட்டதில்லை.