கண்ணாடித் தொட்டிக்குள் மங்கிய நாகம்

என் கணவர் பாம்பைக் கொல்ல விடமாட்டார். புங்குடுதீவில் எங்கள் கிணற்றுக்குள் விழுந்த நாகத்தையும் தூக்கி, பழைய மீன்தொட்டியில் வலைமூடி போட்டு வளர்த்தார். வந்த புதிதில் அது பனங்கட்டி நிறத்தில் மினுங்கியது. பிறகு பிறகு அந்த மினுக்கம் குறைந்துகொண்டே போனது. ஒருநாள் காலையில் பார்த்தால் உடம்பெல்லாம் சாம்பல் பூத்து, கண்கள் பால் விட்டதுபோல் வெளுத்திருந்தன.

"சாகப்போகுது போல. செடிப் பற்றைக்குள்ள விட்டிட்டு வாறன்," என்றார்.

"இண்டைக்குத் தொடாதேங்கோ. எனக்கென்னவோ மனம் சரியில்லை."

"கண்ணே தெரியாத சீவன். நீர் பயப்பிடாதையும்," என்று மூடியைத் திறந்தார். கை உள்ளே போனதுமே அது கொத்தியது.

யாழ்ப்பாணம் போகும் வழியில் கடலுக்கு நடுவே அந்தப் பாலம் முடியவேயில்லை. அவருடைய இமைகள் மெல்லச் சரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள்.

"சட்டை உரிக்கப்போற பாம்புதான் அப்பிடி மங்கும். கண் தெரியாத பயத்தில எதையும் கொத்தும்," என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்தபோது தொட்டி திறந்தபடியே கிடந்தது. குசினி வாசலில், அடுப்படிக்குப் பக்கத்தில், முழுச் சட்டையும் உரிந்து கிடந்தது. பாம்பைக் காணவில்லை.

"வெளியில போயிருக்கும்," என்றார் அவர்.

ஓம் என்றேன். ஆனால் அது இப்போது என்ன நிறத்தில் இருக்கும் என்று நினைக்காமல் இந்த வீட்டில் நான் ஒரு கதவையும் திறப்பதில்லை.